முதலில் வட்டுகளைக் காப்பாற்றுங்கள், கணினியைப் பிறகு வாங்கலாம்

கேள்வி: வீட்டில் விசிடியில் 60 படங்களும் டிவிடியில் 200 படங்களும் புளூ-ரேயில் 30 படங்களும் இருக்கின்றன. எல்லாம் கடையில் விலைக்கு வாங்கியவை. இவை தவிர எங்கள் கல்யாணம், குழந்தைகளின் விழாக்கள் பதிவான வட்டுகள் சில. பிளேயர் பழுதாகிவிட்டது, உதிரிபாகம் கிடைக்கவில்லை. 70,000 ரூபாய்க்குள் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினி வாங்கி, டிவியோடும், பல ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்தனுப்பும் பழைய 5.1 ரிசீவரோடும் இணைத்து, எல்லா வட்டுகளையும் அதில் ஏற்றிவிட நினைக்கிறேன். எந்தக் கார்டு வாங்கலாம்? இடம் மிச்சமாக எந்த வடிவத்தில் சுருக்கலாம்? கனடாவில் இருக்கும் அக்காவுக்கு ஒரு பிரதி கொடுக்கலாமா?

பதில்:

கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். உங்களிடம் இருக்கும் வட்டுகளில் மிகக் கனமானது புளூ-ரே. அதைக் காட்ட, இன்று விற்கும் மிக எளிய சிறு கணினியின் செயலிக்குள்ளேயே இருக்கும் வீடியோ பகுதி தாராளமாகப் போதும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டிஸ்க் டிரைவ் ஒன்றும் பெரிய ஹார்ட் டிஸ்க் இரண்டும் வாங்குங்கள். டிவிக்குக் கீழே வைக்கும் கணினிப் பெட்டியை ஆறு மாதம் கழித்து வாங்கினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அது மேம்பட்டுக்கொண்டுதான் இருக்கும். உங்கள் வட்டுகளுக்கு அந்த அவகாசம் கிடையாது. அவற்றில் சில இப்போதே படிக்க முடியாத நிலைக்கு வந்திருக்கலாம்.

ஆகவே, எந்த வட்டை முதலில் எடுப்பது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கல்யாண வீடியோவும் வீட்டு விழாக்களும் முதலில். அடுத்து விசிடி, அதற்கடுத்து டிவிடி, புளூ-ரே கடைசி. பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்: பளபளப்பான புளூ-ரேயில் தொடங்கி, பாதியில் சலித்துப்போய், கல்யாண வட்டை அலமாரியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கடையில் வாங்கிய படவட்டு ஆலையில் அச்சடிக்கப்பட்டது. பிளாஸ்டிக்கில் குழிகளாகப் பதித்து, அதன்மேல் அலுமினியம் பூசியிருப்பார்கள். கல்யாண வீடியோ எடுத்தவர் கொடுத்த வட்டு அப்படிப்பட்டதன்று. அவர் கணினியில் எழுதித் தந்த டிவிடி-ஆர் அது. அதில் தகவலைத் தாங்கி நிற்பது ஒரு கரிமச் சாயம். வெயிலும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். மொட்டைமாடி அறையில், இரும்பு பீரோவில் பத்துப் பதினைந்து கோடைகளைக் கண்ட வட்டு, மேலே ஒரு கீறல்கூட இல்லாமலேயே செத்துப்போகலாம். படத்தின் வட்டு போனால் அதே படம் உலகில் வேறெங்காவது இருக்கும். உங்கள் கல்யாணத்தில் தாத்தா நடந்து வரும் காட்சி வேறெங்கும் இல்லை.

விசிடியின் பலவீனம் வேறு. ஒன்றை எடுத்து, படம் அச்சிட்ட முகம் உங்களைப் பார்க்குமாறு டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், அந்த இடங்களில் அலுமினியமே போய்விட்டது என்று பொருள். குறுந்தட்டில் தகவல் அடிப்பக்கம் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது மேல்பக்கத்து அச்சுக்கும் மெல்லிய அரக்குப் பூச்சுக்கும் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அடியில் இருப்பது 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெறும் பிளாஸ்டிக். அடிப்பக்கக் கீறலை மெருகிட்டுச் சரிசெய்ய வழி உண்டு. மேல்பக்கம் உரிந்தால் போனது போனதுதான். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, நடுவில் தகவலை வைத்திருப்பதால் அது இந்த விதத்தில் உறுதியானது. ஆனால் ஓரத்தில் பசை விட்டுக் காற்று புகுந்தால், விளிம்பிலிருந்து உள்ளே கறை படரும். புளூ-ரேயில் தகவல் அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதனாலேயே அதற்குக் கடினமான மேற்பூச்சு கொடுத்திருக்கிறார்கள். சாதாரணக் கீறல் அதில் எளிதில் விழாது.

டிரைவில் போடுவதற்கு முன் ஒவ்வொரு வட்டையும் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், விரல் நுனி போதும். மென்மையான பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் சுழல்பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால், தொடர்ச்சியாகப் பல தொகுதிகள் ஒரே இடத்தில் அழிந்து, பிழைதிருத்தும் கணக்கு கைவிரித்துவிடும். குறுக்காக விழும் கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் வட்டின்மேல் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அது மேற்பரப்பில் மட்டும் இருந்தால் இந்தக் கழுவலிலேயே போய்விடும். காகித ஸ்டிக்கர் ஒட்டிய கல்யாண வட்டு என்றால் மேல்பக்கத்தை நனைக்காதீர்கள், ஸ்டிக்கரை உரிக்கவும் முயலாதீர்கள்.

அடுத்தது டிரைவ். மடிக்கணினிக்கென்று விற்கும் மெல்லிய யூஎஸ்பி டிரைவைவிட, பழைய மேசைக் கணினிகளில் இருந்த பெரிய டிரைவ் கெட்ட வட்டுகளைப் பெரும்பாலும் நன்றாகப் படிக்கும். மெல்லிய டிரைவ் யூஎஸ்பி மின்சாரத்தை மட்டும் நம்பி ஓடுவது. பாதி வழியில் தடுமாறும். பெரிய டிரைவைப் பழைய கணினிக் கடையில் சொற்ப விலைக்கு வாங்கலாம். அதை வீட்டில் உள்ள மடிக்கணினியில் இணைக்க சாட்டா-யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். வாங்கும்போது கவனியுங்கள்: தனியாகச் சுவரில் செருகும் 12 வோல்ட் அடாப்டரோடு வருவதையே வாங்க வேண்டும். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குக்கான சிறிய கேபிள் 5 வோல்ட்தான் கொடுக்கும். அதில் இந்த டிரைவின் தட்டே வெளியே வராது. உங்களிடம் புளூ-ரே இருப்பதால், புளூ-ரே படிக்கும் பெரிய டிரைவ் ஒன்றைப் புதிதாகவும், சாதாரண டிவிடி டிரைவ் ஒன்றைப் பழையதாகவும் வாங்குங்கள். ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் இடத்தை இன்னொன்று எளிதாகப் படித்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். லேசர், லென்ஸ், உள்ளிருக்கும் மென்பொருள் மூன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன.

இப்போது கல்யாண வட்டு. அதை விண்டோஸில் திறந்து கோப்புகளை இழுத்து நகலெடுக்காதீர்கள். படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் நகலெடுப்பு அங்கேயே நின்றுவிடும். மீண்டும் மீண்டும் முயன்றால் வட்டும் டிரைவும் சேர்ந்து திணறும். இதற்கென்றே ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது, லினக்ஸில் ஓடும். மடிக்கணினியில் லினக்ஸ் இல்லையென்றால், பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, நிறுவாமலேயே ஓட விடலாம்.

அந்த நிரல் வேலை செய்யும் விதம் அருமையானது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்த இடங்களை மட்டும் வேகமாக எடுத்துவிடும், முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்ளும். இரண்டாம் சுற்றில், கிடைக்காத இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போகும். வட்டை எடுத்து, மறுபடி கழுவி, இரண்டாவது டிரைவில் போட்டு, அதே வரைபடக் கோப்பைக் கொடுத்து மறுபடி ஓட்டலாம். முதல் டிரைவ் விட்ட ஓட்டைகளை இரண்டாவது நிரப்பும். தொகுதி அளவை 2048 பைட் என்று குறிப்பிட மறக்காதீர்கள். கடைசியில் முழு வட்டும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக உங்கள் கையில் இருக்கும். ஓரிரு ஓட்டைகள் அடைபடாமல் போனாலும் கவலை வேண்டாம். பெரும்பாலும் அந்த இடத்தில் படம் அரை விநாடி கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு சரியாகிவிடும்.

8 சென்டிமீட்டர் சிறு டிவிடியில் பதியும் கேமரா ஒரு காலத்தில் பல வீடுகளில் இருந்தது. அந்த வட்டுகள் இருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தட்டு வெளியே வராமல் வட்டை வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும் டிரைவில் போடாதீர்கள், சிக்கிக்கொள்ளும். டிரைவ் அதை வெற்று வட்டு என்று சொன்னால் தூக்கி எறியாதீர்கள். பதிந்தவர் கேமராவில் பதிவை முடித்துவைக்கும் கட்டளையை அழுத்தாமல் விட்டிருப்பார். அந்தக் கேமரா பரணில் இருந்தால் எடுத்து, அதிலேயே முடித்துவைக்கலாம். கேமரா இல்லையென்றால், ஐசோபஸ்டர் என்ற நிரல் அத்தகைய வட்டிலிருந்தும் பதிவுகளை மீட்கக்கூடியது. அதற்கு விலை உண்டு, ஆனால் இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம்.

விசிடிக்கும் இதே நிரல் உதவும். காரணம், விசிடியை ஐஎஸ்ஓவாக எடுக்க முடியாது. 1993இல் வகுக்கப்பட்ட அந்த வடிவத்தில், 650 எம்பி குறுந்தட்டுக்குள் 74 நிமிட வீடியோவை அடைக்க ஒரு வழி செய்தார்கள். சாதாரணத் தகவல் வட்டில் ஒவ்வொரு தொகுதியிலும் 2048 பைட் தகவலும், மிச்ச இடத்தில் கூடுதல் பிழைதிருத்தமும் இருக்கும். விசிடியில் அந்தக் கூடுதல் பிழைதிருத்தத்தை எடுத்துவிட்டு, 2324 பைட் வரை வீடியோவையே நிரப்பிவிட்டார்கள். அதனால்தான் சாதாரணத் தகவல் வட்டை ஒழுங்காகப் படிக்கிற டிரைவும் விசிடியில் திக்கித் திணறுகிறது. எம்பெக்-ஏவி என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் கோப்பை ஐசோபஸ்டர் கொண்டு எம்பெக் கோப்பாக எடுங்கள். படிக்க முடியாத இடத்தை வெறுமையாக நிரப்பிக்கொண்டு அது மேலே போகும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு விசிடிக்குக் கிடையாது. ஒரு படம் இரண்டு அல்லது மூன்று வட்டுகளில் இருக்கும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவசக் கருவியில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஒரே எம்கேவி கோப்பாக்கிவிடலாம். சேர்க்கும்போது படத்தின் தரம் கொஞ்சமும் மாறாது.

352-க்கு 288 புள்ளிகள் மட்டுமே உள்ள அந்தப் படத்தைப் பெரிய டிவியில் பார்க்கச் சிரமமாகத்தான் இருக்கும். அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். மோசர் பேயர் 2007இல் 28 ரூபாய்க்கு விசிடி விற்கத் தொடங்கியபோது, அதுவரை கடைகளில் அரிதாகக் கிடைத்த பழைய தமிழ்ப் படங்கள் பல வீட்டுக்கு வீடு வந்தன. இன்று இணையத்தில் கிடைக்கும் அதே படங்களில் சிலவற்றுக்குத் தலையையும் காலையும் வெட்டி அகலத்திரை ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் விசிடியில் முழுச் சட்டகமும் இருக்கலாம். அது மட்டமான பிரதிதான், ஆனால் முழுமையான பிரதி.

டிவிடிக்கு வருவோம். இங்கே சட்டத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. விற்பனைக்கு வந்த டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற 40 பிட் பூட்டு உண்டு. தமிழ்ப் பட டிவிடிகளில் அது இல்லாதவையும் ஏராளம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. சட்டம் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கியும் வைக்கிறது. அமெரிக்காவில் நிலைமை கடுமையானது: 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்த வட்டாக இருந்தாலும் பூட்டை உடைப்பதே தவறு. நீங்கள் விலைகொடுத்து வாங்கிய வட்டு, உங்கள் வீட்டுக்குள் மட்டும் பார்க்க ஒரு பிரதி. இந்த எல்லைக்குள்தான் நான் சொல்வதெல்லாம். வாடகைக்கு எடுத்த வட்டு, நண்பரிடம் இரவல் வாங்கியது, திருட்டு விசிடி இவை எதற்கும் இது பொருந்தாது.

மேக்எம்கேவி என்ற நிரலில் டிவிடியைத் திறந்தால், உள்ளிருக்கும் தலைப்புகள் நேர அளவோடு வரிசையாகத் தெரியும். இரண்டரை மணி நேரம் இருப்பது படம். சில வட்டுகளில் குழப்புவதற்காகவே ஒரே நீளத்தில் பல போலித் தலைப்புகள் வைத்திருப்பார்கள். அப்போது விஎல்சி என்ற பிளேயர் நிரலில் வட்டை ஓட்டி, எந்தத் தலைப்பு எண் உண்மையில் ஓடுகிறது என்று பார்த்து அதை மட்டும் எடுங்கள். படத்தோடு 5.1 ஒலி, சப்டைட்டில், பாடல் தொடங்கும் இடங்களைக் குறிக்கும் அத்தியாயப் புள்ளிகள் எல்லாம் அப்படியே வந்துவிடும். தமிழ்ப் பட டிவிடியில் அந்தப் புள்ளிகள் பெரும் செல்வம். எம்கேவிடூல்நிக்ஸில் அவற்றுக்குப் பாடலின் முதல் அடியையே பெயராகக் கொடுத்துவிட்டால், ரிமோட்டில் நேராகப் பாட்டுக்குப் போய்விடலாம். மெனுவும் கூடுதல் காட்சிகளும் வேண்டும் என்று தோன்றும் வட்டுகளை மட்டும் முழு ஐஎஸ்ஓவாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வடிவத்தில் சுருக்குவது என்று கேட்டீர்கள். சுருக்கவே வேண்டாம். டிவிடி ஏற்கெனவே எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டது. அதை இன்னொரு முறை சுருக்கினால் முன்பு இழந்ததற்கு மேல் இன்னும் கொஞ்சம் இழப்பீர்கள், அதைத் திரும்பப் பெறவே முடியாது. கணக்கைப் பாருங்கள். 200 டிவிடிக்குச் சராசரி 6 ஜிபி என்றால் 1.2 டிபி. 30 புளூ-ரேக்குச் சராசரி 35 ஜிபி என்றால் ஏறக்குறைய 1 டிபி. விசிடிகள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 100 ஜிபி. ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் அடங்கி, இன்னும் இடம் இருக்கும். இதற்காகக் கணினியை இரவு பகலாக ஓட்டி, 200 படங்களை மறுசுருக்கம் செய்வது வீண் வேலை. பயணத்தில் டேப்லெட்டில் பார்க்க வேண்டும் என்றால், அந்த ஒரு படத்தை மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற சுருக்கும் நிரலில் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்; மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும்.

டிவிடி பாதியில் நின்றால், எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள், வட்டில் எங்கே கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். 4.7 ஜிபி ஒற்றை அடுக்கு வட்டு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படுகிறது. விளிம்பில் கைபட்டுத் தேய்ந்தால் உச்சக்காட்சி போகும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டில் முதல் அடுக்கு விளிம்பு வரை போய், இரண்டாம் அடுக்கு விளிம்பிலிருந்து திரும்பி உள்ளே வரும். அதனால் விளிம்பு கெட்டால் இடைவேளையை ஒட்டிய காட்சிகள்தான் உடையும். இந்த இடங்களை எடுத்த கோப்பில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வட்டை உள்ளே வைப்பதுதான் பலரும் செய்வது. வட்டு உலகின் எந்தப் பகுதியில் ஓடலாம் என்று காட்டும் மண்டலக் குறியீட்டைப் பழைய டிரைவ் கேட்டால், இந்தியாவுக்குரிய 5 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவின் வாழ்நாளில் ஐந்து முறைதான் மாற்ற அனுமதி உண்டு. அதன்பின் கடைசியாகக் கொடுத்ததே நிலைத்துவிடும். வெளிநாட்டுத் தமிழர்களுக்காகவும் வெளியான டிவிடிகள் பல, எல்லா மண்டலத்திலும் ஓடும்படியே வந்தன.

புளூ-ரேயில் சொல்ல அதிகமில்லை. அதே மேக்எம்கேவி, அதே முறை, கோப்பு மட்டும் பெரிது. டிடிஎஸ்-எச்டி, டால்பி ட்ரூஎச்டி என்ற உயர்தர ஒலித்தடங்களைக் குறைக்காமல் எடுங்கள். 4கே புளூ-ரே வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்குக் கணினியை நம்பாதீர்கள். அதை முறைப்படி ஓட்டத் தேவையான பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் 11ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளிலிருந்தே நீக்கிவிட்டது. அதற்கென்று தனி பிளேயர் வாங்குவதே நல்லது.

ஒரே ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணினால், 290 படங்களின் ஆபத்தை ஒரே பெட்டிக்குள் திரட்டி வைத்தீர்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு டிஸ்க் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். ஒன்று டிவிக்கு அருகில் ஓடட்டும். மற்றொன்றில் அதே கோப்புகளை நகலெடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள்: தம்பி வீடு, மாமனார் வீடு, எங்கேயானாலும் சரி. ஒரே வீட்டில் இருந்தால் வெள்ளமும் மின்னலும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். 2015இல் சென்னை வெள்ளத்தில் தரைத்தளங்களில் நனைந்தவற்றை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்துவந்து ஓடவிட்டு, புதியவற்றைச் சேருங்கள். ஒரே கோப்பை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு பெட்டி வாங்கச் சொல்வோர் உண்டு. ஒரு டிஸ்க் கெட்டாலும் படம் நிற்காமல் ஓட அது உதவும். தவறி அழித்த கோப்பை அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். ஆகவே அதைக் காப்புப் பிரதியாகக் கருத முடியாது. நீண்ட நாள் மின்சாரமின்றிக் கிடக்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டியும் உகந்ததன்று. குடும்ப வீடியோக்களை மட்டும் மூன்றாவதாக ஒரு இணையச் சேமிப்பிலும் ஏற்றிவையுங்கள். அளவு குறைவுதான், செலவு தாங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு மட்டுமின்றி டிஸ்க்கின் அட்டவணையும் கெடலாம் என்பதால், சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம்.

இனி டிவிக்குக் கீழே வைக்கும் பெட்டி. இன்டெல் என்100 செயலி போட்ட உள்ளங்கை அளவுச் சிறு கணினி, 8 ஜிபி நினைவகம், 128 ஜிபி எஸ்எஸ்டி. இவ்வளவு போதும். 6 வாட் வெப்ப அளவுள்ள செயலி என்பதால் மின்சாரமும் குறைவு, விசிறிச் சத்தமும் குறைவு. இதில் லிப்ரெலெக் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், பெட்டியை முடுக்கியதும் படங்களைப் பட்டியலிட்டு ஓட்டும் கோடி (Kodi) என்ற நிரலின் திரைக்கு நேராக வந்துவிடும். விண்டோஸின் புதுப்பிப்புத் தொல்லை இல்லை. வட்டிலிருந்து எடுக்கும் வேலையை மடிக்கணினியிலேயே செய்யுங்கள். எடுக்கும் கணினியும் காட்டும் கணினியும் தனித்தனியாக இருந்தால், வீட்டில் ஒருவர் படம் பார்க்கும்போது இன்னொருவர் வட்டு மாற்றிக்கொண்டிருக்கலாம்.

ஒரு குறை மட்டும் உண்டு. சாதாரணக் கணினிகளின் எச்டிஎம்ஐ வழியே டிவி ரிமோட்டின் கட்டளைகள் வராது. யூஎஸ்பியில் செருகும் ஃப்ளிர்க் போன்ற சிறு கருவி அதைத் தீர்த்துவிடும். ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினியை வாங்கினால் டிவி ரிமோட்டே நேரடியாக வேலை செய்யும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இது சிறிய விஷயமன்று. இரண்டாவது ரிமோட்டைக் கையில் கொடுத்த அன்றே அவர்கள் பழைய சேனலுக்குத் திரும்பிவிடுவார்கள். வேறு அறையிலும் போனிலும் பார்க்க வேண்டும் என்றால் வீட்டு நெட்வொர்க் வழியே படங்களை அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற நிரலை நிறுவுங்கள். ஒரே டிவிக்கு அது தேவையில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர் வைத்து, பெயரோடு ஆண்டையும் எழுதுங்கள். தமிழில் இது கட்டாயம். பில்லா என்று மட்டும் எழுதினால் 1980 படமா 2007 படமா என்று கோடிக்குத் தெரியாது. ஒன்றின் சுவரொட்டியை இன்னொன்றுக்கு ஒட்டிவிடும்.

உங்கள் ரிசீவரில் எச்டிஎம்ஐ இருந்தால், கணினியை அதில் செருகி அங்கிருந்து டிவிக்குக் கொண்டுபோங்கள். பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாது என்று புதிது வாங்கச் சொல்வார்கள். உங்கள் வட்டுகளில் 4கே எதுவுமே இல்லை. 1080பி-யில் அனுப்பினால் மிச்சத்தை டிவி பார்த்துக்கொள்ளும். ரிசீவரில் ஆப்டிகல் என்ற ஒளிவழி ஒலி இணைப்பு மட்டுமே இருந்தால் டால்பி டிஜிட்டலும் சாதாரண டிடிஎஸும் போகும், உங்கள் டிவிடிகளுக்கு அது போதும். கோடியின் ஒலி அமைப்பில், பிரிக்காமல் ரிசீவருக்கு அப்படியே அனுப்பும் வசதியை இயக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் 5.1 ஒலி இரண்டு ஸ்பீக்கராகச் சுருங்கி, பின்னணி இசை முழங்க வசனம் அமுங்கிப்போகலாம்.

படத்துக்கு மூன்று மாற்றங்கள். சினிமா விநாடிக்கு 24 சட்டகம். டிவி 60 முறை புதுப்பிக்கிறது. 24-ஐ 60-இல் சமமாகப் பங்கிட முடியாததால், கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் தூண்களும் மரங்களும் விட்டுவிட்டு நகரும். கோடியில், படத்துக்கேற்ப டிவியின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் அமைப்பை இயக்கினால் இது அடங்கும். கருப்பு சாம்பலாகத் தெரிந்தால், ஒளி வரம்பு 16 முதல் 235 வரையா, 0 முதல் 255 வரையா என்று கணினியிலும் டிவியிலும் ஒத்துப்போகச் செய்யுங்கள். மூன்றாவது, கை அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் வந்தால், அது ஊடுவரிப் பதிவு, அதாவது ஒவ்வொரு சட்டகத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளாகப் பிரித்துப் பதிந்தது. கல்யாண வீடியோ அனைத்தும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், தமிழ்ப் பட டிவிடிகளிலும் நிறைய உண்டு. கோடியில் ஊடுவரி நீக்கத்தை இயக்கிப் பாருங்கள். கோப்பை மாற்ற வேண்டாம்.

ரிசீவர் மாற்றும் ஆசை வந்தால், அதற்கு முன் அறையைப் பாருங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள நம் வீட்டுக் கூடத்தில் ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை காதில் விழும். ஒரு தடித்த திரைச்சீலையும் தரை விரிப்பும் செய்யும் வேலையை எந்த ரிசீவரும் செய்யாது. பின் ஸ்பீக்கர்களை நேர் பின்னால் வைக்காமல், உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி, காதுக்குக் கொஞ்சம் மேலே மாட்டுங்கள். மின்விசிறியின் இரைச்சலில் நுண்ணிய ஒலிகள் கரைந்துவிடும். முடிந்தால் இருக்கைக்கு நேர் மேலே உள்ள விசிறியை ஒரு புள்ளி குறைத்து வையுங்கள்.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். கல்யாண வீடியோவும் குடும்ப விழாக்களும் உங்கள் குடும்பத்தின் சொத்து. ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுத் தாராளமாக அனுப்புங்கள். கோப்பாக மாறிய பிறகு, நாட்டுக்கு நாடு மாறிய டிவி முறைகளில் பால் (PAL) முறையா என்டிஎஸ்சி (NTSC) முறையா என்ற பழைய தொல்லையும் அங்கே இருக்காது. படங்களை அனுப்ப வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்கு என்று எடுத்த பிரதி இன்னொரு வீட்டுக்குப் போனால் அது சொந்தப் பயன்பாடாக இருக்காது. கனடாவின் 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் சொந்தப் பிரதியை அனுமதிக்கும்போது, பூட்டை உடைக்காமல் எடுத்திருக்க வேண்டும், பிறருக்குக் கொடுத்திருக்கக் கூடாது என்கிறது. அக்காவுக்கு ஏதேனும் படத்தின்மேல் ஆசை இருந்தால் அந்த வட்டையே கொடுத்துவிடுங்கள், உங்கள் டிஸ்க்கில் இருக்கும் கோப்பை அழித்துவிடுங்கள். மற்ற வட்டுகளைக் கோப்பாக்கிய பிறகும் விற்கவோ எடைக்குப் போடவோ வேண்டாம். உங்கள் பிரதிக்கு ஆதாரம் அவைதான். நெகிழிக் கவர்களிலிருந்து எடுத்து, உறுதியான பெட்டிகளில், புத்தகம் போல நிற்கவைத்து, வெயில் படாத உள்ளறையில் வையுங்கள்.